நான்கு நொடி

என் கணவர் யாகப்பன் தருமபுரியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் டேப் ரெக்கார்டரைக் கேட்டே ஆங்கிலம் பழக முடியுமா என்பது அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. பாப்பாரப்பட்டிக்கு அப்பால், கரண்ட் வராத ஓர் ஊரின் பள்ளியில் நாலு வருஷமாக அதைச் செய்துவந்தார். பாடங்களைப் பேசிப் பதிவு செய்தது நான். ஒரு வாக்கியம் சொன்னதும், பிள்ளைகள் திருப்பிச் சொல்ல நான்கு நொடி சும்மா இருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விரலை உயர்த்தி நிறுத்துவார். மூச்சு விடக்கூட எனக்குப் பயமாக இருக்கும்.

1984 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அந்த டேப் ரெக்கார்டர் மெஷின் வீட்டுக்கு வந்தது. அவர் போட்டிருந்த புதுப் பேட்டரிக் கட்டைகள் நாலையும் எடுத்து எங்கள் ரேடியோவில் போட்டேன். ரேடியோவின் பழைய கட்டைகள் மெஷினுக்குள் போயின. ஞாயிற்றுக்கிழமை நாடகம் கேட்டுவிட்டு மாற்றிவிடலாம் என்றிருந்தேன். மறந்துபோனேன்; மெஷின் அப்படியே பள்ளிக்குத் திரும்பிப் போனது.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் வெளுத்த முகத்தோடு வந்தார்.

“பிள்ளைங்க பேய் புடிச்ச மாதிரி இழுத்து இழுத்துப் பேசுதுங்க, இசபெல்லா. மெஷின்ல வர்றத அப்படியே சொல்லுதுங்க. ஆம்பளைக் குரலாட்டம் இருக்குது. ஆனா உன் குரல்தான்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் பிள்ளைகளைச் சோதிக்க வருவதாக இருந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நாலு வருஷமும் வீண்.

“புதுக் கட்டை நானே போட்டேன். அப்ப மோட்டார்தான் போயிருக்குது. அந்தப் பச்சியப்பன் வாத்தியார் சினிமாப் பாட்டுப் போட்டே தேய்ச்சிருக்கான். பிள்ளைங்க முன்னாலயே கேட்டுட்டேன்.”

மெஷினுக்குள் கிடந்த பழைய கட்டைகள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தன. மெஷின் பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. காலையில் அதை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு ரிப்பேருக்குப் போவதாகச் சொன்னார்.

மறுநாள் அதியமான்கோட்டையில், எங்கள் வீட்டெதிரே ரோட்டோரம் சேலம் பஸ்ஸுக்காக அவர் வந்து நின்றார். பக்கத்தில் மெஷினைச் சுமந்தபடி பச்சியப்பன். நான் ரேடியோவிலிருந்து கழற்றிய நாலு கட்டைகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினேன்.

“நான் பாட்டுப் போடலீங்க சார். எங்க கொழந்தைங்க மேல ஆணையாச் சொல்றேனுங்க.”

“போட்டவன் எவன்யா ஒத்துக்கிட்டான்? இத ரேடியோப் பொட்டின்னு நெனச்சிட்டீங்களா?”

பச்சியப்பன் என்னைப் பார்த்தார். அந்த வாத்தியார் எதிரே இவரிடம் எப்படிச் சொல்வது?

“முந்தானையில என்ன முடிச்சு?” என்றார் இவர்.

“ஒண்ணுமில்லீங்க.”

பஸ் வரவில்லை. தெரிந்த லாரி ஒன்று நின்றது. “ஏறுங்க சார், தொப்பூர் எறக்கத்துல காத்தாட்டம் போயிடலாம்,” என்றார் டிரைவர் சென்றாயன். இவர் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரி மறையும்வரை கட்டைகள் என் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தன.

அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். இவரும் டிரைவரும் பிழைக்கவில்லை.

எட்டாம் நாள் பச்சியப்பன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மெஷினை வாங்கி வந்தார். ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது.

“காலேஜுக்குத் திருப்பணுமுங்க அக்கா. ஓடுதான்னு பாத்து எழுதித் தரச் சொன்னாங்க.”

பொத்தானை அழுத்தினார். “ஹி... இஸ்... க...மி...ங்...” என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் என் குரல் இழுத்தது. அவர் பதறி நிறுத்தினார்.

நான் உள்ளே போனேன். திரும்பவும் ரேடியோவுக்குள் போயிருந்த நாலு கட்டைகளையும் எடுத்துவந்து, அவர் பார்க்கவே மாற்றிப் போட்டேன்.

“ஹி இஸ் கமிங் ஹோம்.” தெளிவாக, சரியான வேகத்தில் வந்தது. பிறகு நான்கு நொடி நாடா ஓசையில்லாமல் சுற்றியது. பச்சியப்பன் என் கையிலிருந்த பழைய கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க,” என்றார்.

அடுத்த வாக்கியம் தொடங்கியது. அவர் அதை நிறுத்தவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்து, பழுது ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.