ஓவர்சியருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு

ரத்தினா வீட்டு ஆமை காலத்தில் பதினெட்டு வருஷம் பின்தங்கி இருந்தது. ஆமைகள் பின்தங்குவது வழக்கம்தான். எதிர்வீட்டு ஆமை நாலே மாசம்தான் பின்னால் இருந்தது, அந்த வீட்டுக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ரத்தினாவின் ஆமைக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. என்றோ விற்றுவிட்ட சோபாவைச் சுற்றிக்கொண்டு போகும். செத்துப்போன பூனையைக் கண்டு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதை வாங்கி வந்தவர் அவள் கணவர் அருணகிரி. நாளெல்லாம் சுவரோரமாக நடந்து மேற்பார்வை பார்க்கிறதே தவிர ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று ஓவர்சியர் எனப் பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்தினாவின் பல் தேய்க்கும் பிரஷை எடுத்து அதன் ஓட்டிலுள்ள பாசியைத் தேய்ப்பார். பக்கத்திலேயே அவருடைய பிரஷ் இருக்கும். அதைத் தொடமாட்டார். வாராவாரம் இதற்கொரு சண்டை நடக்கும். அவர் இருந்தவரை ரத்தினா அந்த ஆமையை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அவர் காலமான பிறகு அது அவள் பொறுப்புக்கு வந்தது. சாயங்காலமானால் தொட்டியருகே முக்காலி போட்டு உட்கார்ந்து தீனி போடுவாள். அப்போது அதன் வாயில் காய்ந்த இறால் வாசம் அடிக்கும். அந்த வீட்டில் இறால் வாங்கியே வருஷக்கணக்காகிறது. ஆமையின் காலத்தில், அந்தப் பக்கம், அவர் போட்டுவிட்டு இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்று புரிந்துகொள்வாள். நாளில் அந்த ஒரு நேரம்தான் அவளுக்கு வீடு வீடாக இருந்தது.

ஓவர்சியர் பருத்துக்கொண்டே போனது. காலை உள்ளே இழுத்தால் சதை வெளியே பிதுங்கியது. கால்நடை டாக்டர் ஃபரீதா அதைத் திருப்பிப் பார்த்தார்.

"அங்கயும் போடறாங்க, இங்க நீங்களும் போடறீங்க. வயிறு ஒண்ணுதானுங்களே? இப்படியே போனா ஆமை தங்காதுங்கம்மா. யாராச்சும் ஒருத்தர் நிறுத்தோணும்."

"அவருகிட்ட எப்படிங்க சொல்றது?"

"அப்ப நீங்கதான் நிறுத்தோணுங்க."

ஆமை போய்விட்டால் அவர் இருக்கும் பக்கத்துக்கு வேறு வாசல் கிடையாது. ரத்தினா தீனி டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். சாயங்காலம் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்தாள். கைக்கு வேலை இல்லை. அவர் போன அன்றைக்குக்கூட இவ்வளவு அழவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நாள் போகப் போக ஓவர்சியர் இளைத்தது. இளைத்தது நல்லதுதான், ஆனால் அது நிற்கவில்லை. கழுத்துத் தோல் தொளதொளவென்று தொங்கியது. தொட்டியை நாள் முழுக்கப் பிராண்டியது. ரத்தினா குனிந்து அதன் வாயை முகர்ந்தாள். இறால் வாசம் இல்லை.

"உங்க ஆமைதானுங்க," என்றாள் தொட்டியைப் பார்த்து. "ஒரு பிடி போட்டா என்னவாம்?"

கோபமாகக் கேட்டபோதுதான், இதே கேள்வியை முன்பே ஒருமுறை கேட்டிருப்பது ஞாபகம் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அருணகிரி ஆமையை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, இறால் டப்பாவைப் பரணில் போட்டார்.

"ஏனுங்க, ஒரு பிடி போட்டா என்னவாம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு போடறோமாம். ஒருத்தர் நிறுத்தோணும்னாங்க. நான் நிறுத்திக்கறேன்."

"நானெங்கீங்க போட்டேன்?"

"இப்பப் போடல. பொறவு போடுவ." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எனக்கு ஆபீஸ் இருக்குது, பொழுது போயிரும். உனக்கு வேணுமல்ல?"

அடுப்பில் பால் பொங்கியது. ரத்தினா உள்ளே ஓடிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சும் முடிந்துபோனது.

இப்போது டப்பாவைக் கீழே இறக்கினாள். அளவாகத்தான் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் நாலு உருண்டை கூடப் போட்டாள். ஓவர்சியர் ஒன்றுவிடாமல் தின்றுவிட்டு, தண்ணீரைவிட்டு ஏறி, இல்லாத சோபாவைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போனது. அவர் ஆபீஸிலிருந்து வரும் நேரம் அது.

தீனியைத்தான் டாக்டர் நிறுத்தச் சொல்லியிருந்தார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆமை ஓட்டில் ஒரு பொட்டுப் பாசி இல்லை. குளியலறையில் ரத்தினாவின் பிரஷ் ஈரமாக, பச்சையாக இருந்தது.

அதை ஆமைக்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டு, கடைக்குப் போய்த் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய பிரஷ் காய்ந்து கிடந்தது. புதுசுதான் பச்சையாக இருந்தது.