நாளைக்குச் செய்யப்போகும் குற்றம்

போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் என்பது குதிரைக்கொம்பு. நீதிபதி இரண்டை நம்பியாக வேண்டும்: ஆள் குற்றம் செய்யவில்லை, வெளியே விட்டாலும் எந்தக் குற்றமும் செய்யமாட்டான். முதலாவதற்காவது சாட்சி தேடலாம். நாளைக்கு நடக்கப்போவதற்கு எந்த மடையன் சாட்சி சொல்வான்? இத்தனை வருடம் இமாசலத்துக் குல்லுவில் வக்கீலாகக் குப்பை கொட்டியும் எனக்கு விளங்கவில்லை.

என் கட்சிக்காரன் டீக்கம் ராம். பஸ்ஸில் அவன் சீட்டுக்கு அடியில் ஒரு பை நிறையச் சரஸ், அதாவது கஞ்சாப் பிசின், அகப்பட்டது. தன்னுடையது இல்லை என்று கத்தினான், எல்லோரும் கத்துவதுதானே. அவன் மனைவி சுக்ரிக்கு நிறைமாதம். பனி விழுந்தால் அவர்கள் ஊருக்குப் பாதை அடைபட்டுவிடும். அதற்குள் அவன் வீட்டுக்கு வர வேண்டும்.

"வெளிய போனா ஒழுங்கா இருப்பான்னு யாரும்மா சொல்றது?" என்று நீதிபதி அம்மா அலுத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ச் சாமி சொல்லும் தாயே," என்றாள் சுக்ரி. "கல்யாணம், வரப்புத் தகராறு எல்லாம் அதுகிட்டதான் கேப்போம்."

நீதிபதியும் இந்த மலைக்காரப் பெண்தான். சம்மதித்துவிட்டார்.

அடுத்த வாய்தாவுக்கு மேளதாளத்தோடு சாமியின் பல்லக்கு நீதிமன்ற முற்றத்துக்கு வந்தது. முன்தண்டைத் தோளில் தாங்கியவன் சுக்ரியின் அண்ணன் நோக்கு. சாமி முன்னால் தோல் ஆகாது. செருப்பு, பெல்ட் எல்லாம் வாசலுக்குப் போயின. போலீஸ்காரர்கள் கால்சட்டையைக் கையில் பிடித்தபடி காவல் காத்தார்கள்.

பல்லக்கு முன்னால் சாய்ந்தால் ஆமாம், பின்னால் சாய்ந்தால் இல்லை.

"டீக்கம் குத்தவாளியா?" என்று நீதிபதி கேட்டார். பின்னால் சாய்ந்தது. எனக்கு உயிர் வந்தது.

"வெளிய விட்டா குத்தம் எதாவது செய்வானா?"

முன்னால் சாய்ந்தது.

சாமியாடி உடம்பு குலுங்கக் கத்தினார்: "மச்சானைப் போட்டு மிதிப்பான்! அதே பஸ்ஸுல வந்து, போலீஸப் பாத்ததும் பையை இவன் சீட்டுக்கு அடியில தள்ளினவன் அந்த மச்சான்தான்!"

"பயத்துல தள்ளிட்டேன்," என்று நோக்கு தண்டைச் சுமந்தபடியே அழுதான்.

"மிதிக்காம கொஞ்சுவேனா?" என்றான் விலங்கோடு நின்ற டீக்கம். நான் அவன் காலை மிதித்தேன்.

அரசு வக்கீல் துள்ளினார். "அடிதடியும் குத்தம்தான் அம்மா. ஆள் நிரபராதி, ஒத்துக்கறேன். ஆனா ஜாமீன் கிடையாது!"

சுக்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேரே அண்ணனிடம் போனாள். பல்லக்கைச் சுமப்பவன் எங்கே ஓடுவான்? கை ஓயும்வரை பளார் பளார் என்று அறைந்தாள்.

"செருப்பு வெளிய கெடக்கு, தப்பிச்சடா பாவி!" என்று அழுதுகொண்டே நீதிபதியிடம் திரும்பினாள். "அவரு அடிக்க வேண்டியத நானே அடிச்சுட்டேன் தாயே. இப்பக் கேளுங்க."

அதுவரை ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீதிபதி, "இப்ப?" என்றார்.

பல்லக்கு நடுங்கியது. பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்தது.

வீங்கிய கன்னத்தோடு நோக்கு, முன்தண்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துத் தேம்பிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். நீதிபதியும் பார்த்தார். ஜாமீன் கொடுத்தார்.