உறையாத திரை

எண்ணூரில் அம்மோனியா சேமித்து வைக்கும் அந்தத் தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் ஒரு வெப் பக்கம் உண்டு. வாயு கசிந்தால் சங்கு ஊதுவதற்கும். கசிவு என்று தெரிந்ததும், காற்று எந்தத் திசை, நாற்றம் எந்தக் குப்பம் வரை போகும் என்று அது கணக்குப் போட ஆரம்பிக்கும். பதினோரு நிமிடம் போடும். அதுவரை திரை செத்துக் கிடக்கும். சங்கு பட்டனும் அதே திரையில்தான். அமுக்கலாம், குத்தலாம், கும்பிடலாம், அசையாது. இந்த அறிவாளித்தனத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் விருது வேறு வாங்கியிருந்தார்கள்.

அதைச் சரிபார்க்க ராயபுரத்திலிருந்து நிரல் எழுதும் ஆஃபியா வந்தாள். ஒப்பந்த வேலை. அரை நாளில் நோய் தெரிந்துவிட்டது. கல்லாவில் இருப்பவரே பரோட்டாவும் வீசுகிற கடை மாதிரி, நிரலை ஓட்டும் ஒரே இழை, அதாவது த்ரெட், கணக்கும் போட்டு, விரல் பட்டால் பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கைத் தூக்கிப் பின்னணியில் ஓடும் தனி த்ரெட்டில் போட்டாள். அது தன் பாட்டுக்கு ஒரு மூலையில் ஓட, பட்டன் தொட்டதும் வேலை செய்தது.

கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் ரஞ்சித்துக்கு வீடு பக்கத்து முகத்துவாரக்குப்பத்தில்.

“கணக்கு ஓடிக்கினு இருக்கும்போதே அமுக்கலாமாக்கா?”

“அமுக்கிப் பாரேன்.”

சோதனைச் சங்கு வீறிட்டது. “சோக்கா கீதுக்கா!” என்றான்.

மேனேஜர் கருணாகரனுக்கு முகம் சுருங்கியது. “ஏம்மா, கணக்கு முடியாமலே ஊதுதே?”

“அதுக்குத்தானே சார் கூப்பிட்டீங்க?”

“சேஃப்டி ஆடிட்டர் முன்னாடி திரை உறையக் கூடாதுன்னு கூப்பிட்டேன். அழகா ஒரு சக்கரம் சுத்தட்டும். கணக்கு முடியற வரைக்கும் பட்டன் சாம்பல் கலர்ல, அமுக்க முடியாம இருக்கட்டும். அதைப் பண்ணிட்டு வா, வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடறேன்.”

ஆஃபியாவுக்குப் புரிந்தது. பதினோரு நிமிடத்தில் பாதிக் கசிவைக் காற்றே கடலுக்குத் தள்ளிவிடும். சங்கு ஊதாத கசிவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. புரிந்தும், கை கூசியும், பட்டனைப் பூட்டும் அந்த ஒரு வரியை எழுதினாள். ரஞ்சித்திடம் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் குழாய் கசிந்தது. சக்கரம் வழுவழுவென்று சுற்றியது; அப்படி ஒரு அழகு. சாம்பல் பட்டனைக் குத்தி ஓய்ந்த ரஞ்சித், அம்மா அங்கம்மாவுக்குப் போன் போட்டான். அவள் போட்ட கூச்சலில் குப்பமே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. குப்பம் காலியான பிறகு பட்டன் பச்சையாகி, இனி எச்சரிக்கலாம் என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தது.

விசாரணை அறிக்கை வந்தது. திரை ஒரு நொடிகூட உறையவில்லை என்று ஆஃபியாவுக்குப் பாராட்டு. கணக்கு முடியும் முன்பே பீதி கிளப்பியதாக ரஞ்சித்துக்கு மெமோ.

அன்று சாயங்காலமே அவன் போனில் கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கா. பட்டன் மறுபடி ரிப்பேர் ஆயிருச்சுன்னு. இல்லாங்காட்டி வேலை பூடும்.”

வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. “ரிப்பேர் இல்லப்பா. நான்தான் பூட்டி வச்சேன்.”

அவன் பக்கத்தில் அங்கம்மா இருமுவது கேட்டது.

“இன்னாத்துக்குக்கா?”

“மேனேஜர் கையெழுத்துப் போடணும்னு.”

“அப்ப அத்த எழுதி, நீ கையெழுத்துப் போட்டுக் குடு,” என்றான் ரஞ்சித். இந்தத் தடவை அக்கா என்று சொல்லவில்லை.