டி டிரைவில் ஒரு பழைய பைத்தான்

...ஒரு சமையலுக்கு மூன்று அடுப்பு எதற்கு, ஒரே கம்ப்யூட்டரில் புரோகிராம்களை ஓட்டுகிற பைத்தான் மூன்று எதற்கு என்று நேற்று சாயங்காலம் நினைத்தேன், நினைத்ததோடு விட்டிருக்கலாம், புதியதை மட்டும் வைத்துக்கொண்டு பழைய வெர்ஷன் இரண்டையும் அழித்துவிட்டு, வீட்டைக் கூட்டிப் பெருக்கிய திருப்தியோடு ஊருக்கு ஏரல் பஸ்ஸில் ஏறினேன், இப்போது கண்டெய்னர் எடைப்பட்டியல் போடும் புரோகிராம் வாயே திறக்கவில்லை, அது பழைய வெர்ஷனில்தான் ஓடுமாம், எனக்கென்ன தெரியும்... தெரியாதென்றால் கேட்டிருக்க வேண்டாமா? பதினெட்டு கண்டெய்னர் உப்பு, பன்னிரண்டு மணிக்குள் பட்டியல் துறைமுகத்துக்குப் போகாவிட்டால் ஒன்றுகூடக் கப்பலேறாது, என் வேலையும் இருக்காது, மணி பதினொன்று பத்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி அருமைநாயகம் அண்ணாச்சி, “என்ன செல்வி, இன்னுமா வரல?”, வருது அண்ணாச்சி என்கிறேன், எனக்கு அழுகைதான் வருகிறது.

நௌஃபல் அண்ணனுக்குப் போன் போடலாமா, எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், மூன்று மாதம் பக்கத்தில் வைத்து வேலை சொல்லித் தந்துவிட்டு சவூதிக்கு, தம்மாம் போனவர், அங்கே காலை எட்டரைதான் இருக்கும், எடுப்பாரா... எடுத்துவிட்டார், நான் திக்கித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள் சிரிக்கிறார், “அழிச்சாச்சா? பதறாத. டி டிரைவ்ல என் பேர்ல ஒரு ஃபோல்டர் கெடக்கும், பழச அப்படியே அதுல வச்சிருக்கேன், அதுலருந்தே ஓட்டு.” கிடந்தது, ஓடியது, பதினெட்டு எடையும் வரிசையாக இறங்கின, பதினொன்று நாற்பதுக்குப் பட்டியல் போயே போய்விட்டது. நன்றி அண்ணே, நன்றி, எத்தனை தடவை சொன்னேனோ, நீங்கள் நல்லா இருக்கணும், வேறு யாராவது என்றால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பார்கள், இவர் என்னடாவென்றால், “அண்ணாச்சி கேட்டா நௌஃபல் போட்ட புரோகிராம் மக்கர் பண்ணிட்டுன்னு சொல்லு, நான்தான் இங்கன இருக்கேனே, என்னைய என்ன செய்யப் போறாரு?”

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார், இது முதல் தடவை இல்லை என்பதுபோல... முதல் தடவை இல்லையோ? போன ஆகஸ்டில், நான் சேர்ந்த இரண்டாம் வாரம், இதே புரோகிராம் ஒரு காலை முழுக்க நின்றுபோய் கண்டெய்னர் ஒன்று கப்பலேறாமல் தங்கிவிட்டது, அண்ணாச்சி போட்ட சத்தத்தில் நாங்கள் எழுந்தே நின்றோம், என் தப்புதான் என்று நௌஃபல் அண்ணன் தலைகுனிந்தார், ஐயோ பாவம் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்திய சாயங்காலம் இந்தக் கம்ப்யூட்டரைக் கடைசியாக மூடியது யார்? பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடட்டுமா என்று அது கேட்டதும், பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்கியது யார்? நான்தானே. ஃபோல்டரின் தேதியைப் பார்க்கிறேன்... அந்தக் காலைக்கு மறுநாள், அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“ஏளா, ஏன் இவ்வளவு நேரம்?” அண்ணாச்சிதான். என் தப்புதான் அண்ணாச்சி என்று எழுந்துவிட்டேன், என்ன தப்பு என்று கேட்டால் இன்றையதை மட்டும் சொல்வதா, இல்லை...