ஏழாம் வாய்க்கால்

இராஜாங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. எங்கு நடந்தாலும் அவர் கண்கள் வரப்பின்மீதே இருக்கும். நீர் கசிவதைக் கண்டுவிட்டால், அது எவருடைய வயலாயினும், வேட்டியை மடித்துக் கட்டி ஒரு கை சேற்றை அள்ளி அப்பிய பின்னரே அப்பால் செல்வார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் சேறு படிந்த கையோடுதான் போய் நின்றார்.

அவர் மனைவி அம்சவல்லியை ஊரில் கைராசிக்காரி என்பார்கள். முத்துப்பேட்டைக்குத் தெற்கேயுள்ள அச்சிற்றூரில், நடவின்போது முதல் முடி நாற்றை அவள் நட்டால்தான் மற்றப் பெண்கள் வயலில் இறங்குவர். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குச் சென்ற மகன் பகலவன் ஆறாண்டுகளாக அழைத்தும் அவள் அசையவில்லை.

சுனாமிக்கு மறு ஆண்டு, புயற்காலத்தில் கடல்நீர் வயலேறாமல் தடுக்கவென்று, கரையோரச் சேற்றுநிலத்தில் அலையாத்திக் காடு வளர்க்க ஊரார் குழு அமைத்தனர். துபாயிலிருந்து திரும்பி மளிகைக்கடை வைத்திருந்த சைபுல்லா அதன் செயலாளர். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன்முள் போலப் பன்னிரண்டு கிளைகள். ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வர வேண்டும். இறங்கும்போது வடிந்துவிட வேண்டும். கிளைக்கு ஒருத்தியாகப் பெண்கள் விதை பொறுக்கிவந்து கரைச்சரிவில் ஊன்றினர். ஐப்பசியில் முதல் விதையை ஊன்றியவள் அம்சவல்லி; ஏழாம் கிளை அவளுடையது. காவற்பொறுப்பு இராஜாங்கத்தினுடையது.

மாசி மாதத்து நண்பகல் ஒன்றில், நான்கிலை விட்டிருந்த செடிகளை விட்டு நீர் விறுவிறுவென்று வடிவதை அவர் கண்டார். அம்சா ஊன்றிய செடி வெயிலில் காய்கிறதே என்று மனம் பொறுக்கவில்லை. ஏழாம் கிளையின் வாயை மட்டும் சேற்றால் அடைத்தார். நீர் தளும்பி நின்றது. நெற்பயிராக இருந்தால் அவர் செய்தது சரியே.

பெண்கள் யாவரும் சம்பா அறுவடைக்குப் போயிருந்தமையால் அப்பக்கம் எவரும் வரவில்லை. இருபது நாளில் நின்ற நீர் சுண்டி, கரையெங்கும் உப்புப் பூத்தது. இலைகள் கருகின. நீர் வந்து வந்து போன மற்றக் கிளைகள் பசுமையாக நிற்பதைக் கண்ட பின்னரே அவருக்கு உண்மை விளங்கிற்று. அடைப்பை வெட்டிவிட்டார். எவரிடமும் சொல்லவில்லை.

அறுவடை முடிந்ததும் சைபுல்லா பெண்களோடு பார்வையிட வந்து, காவலில் நின்ற இராஜாங்கத்திடம் சொன்னார்.

"பதினொண்ணும் ஜோரா இருக்கு. இது மட்டும் என்னண்ணே, துபாய்ல பார்த்த பாலைவனமாட்டம் கெடக்கு? வெதை சொத்தையா இருந்திருக்கும். வர்ற ஐப்பசிக்கு ரெங்கம்மாக்கா மொத வெதை ஊனட்டும்."

பக்கத்துக் கிளைக்காரி ரெங்கம்மாள் சிரித்தாள். "அம்சா, ஒன் கைராசி நெல்லுக்குத்தான் போலருக்கு. கடலுக்குச் செல்லாதுடி!"

"போடி, நீ ஊனுனது மொளைச்சதே எனக்கு அதிசயம்" என்று அம்சவல்லியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரவு சோறு போடும்போது கணவரிடம் கேட்டாள்.

"ஏங்க, ஒவ்வொண்ணா பொறுக்கித்தாங்க எடுத்தேன். ஒரு சொத்தை இல்ல. என் கைதான் கெட்டுப்போச்சா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இனிமே நடவுக்கு யாரு என்னைய மொதல்ல எறங்கச் சொல்லப்போறா? பேசாம பகலவன்கிட்டயே போயிடுவமா?"

இராஜாங்கம் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"ஒன் கைக்கு ஒண்ணுமில்ல அம்சா. தண்ணி வடியுதேன்னு நான்தான் வாயை அடைச்சேன். அதுல செத்துச்சு."

அவள் குழம்புக் கரண்டியை அவரை நோக்கி நீட்டினாள்.

"ஓதத் தண்ணியையா அடைச்சீங்க? அட கிறுக்கு மனுசா! என் வாய்க்கால்தானா கெடைச்சுச்சு ஒங்களுக்கு?"

"ஒன்னுதுன்னுதான் அடைச்சேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கேளாமலேயே இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு தணிந்த குரலில், "வெளிய சொன்னீங்கன்னா காவல வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள்.

"குடுக்கட்டும். நாளைக்குக் குழுக் கூட்டத்துல, ரெங்கம்மாவும் இருக்கறப்பவே, நான்தான் அடைச்சேன்னு சொல்லிடுறேன்" என்றார் இராஜாங்கம்.