பெட்டிக்குப் பூசை

தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் ஆயுத பூசைக்கு ஏர், மண்வெட்டி, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சால் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. போன சித்திரையில் பாலுசாமி கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்த தேனீப் பெட்டி ஒன்றுதான் பாக்கி.

அவன் மனைவி தெய்வாத்தாளுக்குத் தேனீயின் குணம் தெரியும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவள்தான் புகை போடுவாள். ஓர் ஈ கொட்டினால் அந்த இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை எழும். அதை மோந்ததும் மொத்தக் கூடும் சண்டைக்குத் திரண்டு வரும். இதை அவள் இரண்டு முறை பார்த்திருந்தாள்.

மாமியார் ராசாத்தாள் ஒரு சீப்புப் பூவன்பழத்தைப் பெட்டிமேல் வைத்தாள். ஒரு பழத்தில் ஊதுபத்தியைச் செருகினாள். பத்தடி தள்ளி, வேப்பங்கிளையில் கட்டிய தூளியில் தெய்வாத்தாளின் குழந்தை தூங்கியது.

"அத்தைங்க, பழம் மட்டும் வேண்டாமுங்க. பூச்சிக்கு அந்த வாசம் ஆகாதுங்க."

"ஏனம்மணி, தேன் குடிக்கற பூச்சிக்குப் பழம் கசக்குமாக்கும்?"

பாலுசாமி சிரித்தான். "பூச்சி வந்து இவ காதுல சொல்லிப்போட்டுப் போச்சாம், ஆத்தா."

ராசாத்தாள் கற்பூரத் தட்டைப் பெட்டி வாசலுக்கு நேரே சுற்றினாள். ரீங்காரம் சட்டென்று நின்றது. உள்ளேயிருந்து சீறல் போல ஓர் ஓசை வந்தது. அடுத்த நொடி ஈக்கள் திரளாக வெளியே பாய்ந்தன.

"ஐயோ!" ராசாத்தாள் கையை உதறினாள். தட்டு உருண்டது. தாயும் மகனும் வீட்டுக்கு ஓடினார்கள். தெய்வாத்தாள் தூளிக்கு ஓடினாள்.

குழந்தையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு, முதுகு முழுக்கக் கொட்டு வாங்கியபடி வீட்டு வாசலுக்கு வந்தாள். கதவு சாத்தியிருந்தது.

"ஏனுங்க, தொறங்க!"

"ஆத்தா, அவ வெளிய நிக்கறா."

"அவ மேல பூரா பூச்சிடா. தொறந்தா அத்தனையும் உள்ள வந்துரும்."

தெய்வாத்தாள் காத்திருந்தாள். கழுத்தில் இன்னும் இரண்டு கொட்டின.

"கொழந்தைய மட்டும் வாங்கிக்குங்க அத்தைங்க. அதும்மேல ஒண்ணும் இல்லீங்க."

கதவு ஒரு சாண் திறந்தது. வளையல் போட்ட இரண்டு கைகள் வந்தன. குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டன. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே குழந்தை வீறிட்டது. திடமான அழுகை. அவள் கண்கள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. கதவிடுக்கில் நாலைந்து ஈக்கள் நுழையப் பார்ப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

கதவை விட்டு விலகிக் கிணற்றுப் பக்கம் ஓடினாள். அத்தனையும் அவளோடு வந்தன.