எலும்பு மாடத்தில் ஒரு ரைனர்

அன்று தேவாலயத்தை ஒட்டிய எலும்பு மாடத்து வாசலில் இருந்தவர்கள் நால்வர்: பெரியவர் பல்தசார் ரைனர், அவர் மகள் நோட்புர்கா, பங்குச்சாமி, குழிவெட்டும் யோர்க். உள்ளே நின்றவனை அப்போது யாரும் ஆளாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

மலையூரில் புதைக்க இடம் குறைவு. சில வருடம் கழித்துக் குழியைத் திறந்து, மண்டையோட்டைக் கழுவி, நெற்றியில் பெயரும் இலைமாலையும் வரைந்து மாடத்தில் அடுக்குவார்கள். அன்று பல்தசாரின் மகன் கோர்பினியானின் முறை. பெட்டியைத் திறந்தால் உள்ளே வெறும் கற்கள்.

"மேட்டு வீட்டு டாக்டருக்கு என்ன விலைக்குக் குடுத்தீங்க பெரியவரே?" என்றான் யோர்க்.

பிணங்களை விலைக்கு வாங்கி, தைத்து உயிர் கொடுத்த அந்த டாக்டர் போன குளிரில் செத்துவிட்டார். அவர் தைத்து எழுப்பிய உருவம் மட்டும் காட்டில் அலைகிறது என்று ஊரே தடியோடு தேடிக்கொண்டிருந்தது.

"நாங்க மாடு வித்திருக்கோம். புள்ளய வித்ததில்ல," என்றார் பல்தசார். முதுகு வளையவில்லை.

மாடத்துக்குள் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தார்கள். கூரையில் தலை இடிக்கும் உயரம், கழுத்தைச் சுற்றித் தையல். அது ஒவ்வொரு மண்டையோட்டின் நெற்றியையும் விரலால் தடவிக்கொண்டிருந்தது.

"இதுல என் பேரு எது?" என்று கேட்டது.

யோர்க் மண்வெட்டியை ஓங்கினான். "சாமி, தள்ளி நில்லுங்க."

"அப்பா, அந்த நகம்," என்றாள் நோட்புர்கா.

பல்தசார் முன்பே பார்த்துவிட்டார். வண்டிச் சக்கரத்தில் நசுங்கி, இரண்டாகப் பிளந்து வளர்ந்த கோர்பினியானின் கட்டைவிரல் நகம். கட்டுப் போட்டவர் அவரே. வாயைத் திறந்தால், விற்றது உண்மைதான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். மூடியிருந்தால் குடும்பப் பெயர் தப்பும். அந்தக் கை தப்பாது.

"மண்வெட்டியக் கீழ போடு. அது எங்க வீட்டுக் கை."

"கை உங்களுது. மீதி?"

"மீதிக்கு உரியவங்க வந்து கேக்கட்டும். அதுவரைக்கும் எங்க வீட்டுல இருப்பான்."

"ஊரு காறித் துப்பும், பெரியவரே."

"துப்பட்டும். நீ வழிய விடு."

பங்குச்சாமி யோர்க்கின் தோளில் கைவைத்து அவனை ஒதுக்கினார். பெரியவர் உள்ளே போய் அந்தக் கையைப் பிடித்தார். பனிபோல் சில்லிட்டிருந்தது. குழந்தையைக் கூட்டிப்போவதுபோல், ஊரார் பார்க்கவே கடைத்தெரு வழியாக நடத்திப் போனார். நோட்புர்கா தன் சால்வையை அவன்மேல் போர்த்தினாள். அது பாதி முதுகுக்குத்தான் எட்டியது.

ரைனர்கள் மகனை விற்றார்கள், பிறகு பயந்துபோய் அந்தப் பிராணியைப் பழைய ஆலையில் வைத்துக் கொளுத்தினார்கள் என்று கீழூரில் இன்றும் பேச்சுண்டு. விற்கவில்லை. கொளுத்தவுமில்லை. அவன் அந்த வீட்டில் புல்லறுத்து, பால் கறந்து, மார்ச்சளியில் படுத்து இறந்தான். மண்டையோடு மாடத்தில் இருக்கிறது. நெற்றியில் ஓக் இலைமாலை. அதன் கீழே ரைனர் என்று எழுதியிருக்கிறது.